விட்டுக்கொடுத்த அரையிறுதி

யசோதரா ஹர்லிங் விளையாட்டுப் பழகியது சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில், பாதி கட்டி முடிந்திருந்த ஒரு தரவு மையத்தின் கார் தரிப்பிடத்தில். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மின்சார வேலைக்கு லேர என்கிற தொழிற்பயிற்சி படித்து, சான்றிதழ் கிடைத்த சூட்டோடு போய்ச் சேர்ந்த முதல் பெரிய வேலைத்தளம் அது. அங்கே கேபிள் இழுத்தவர்களில் பாதிப்பேர் அயர்லாந்துக்காரர்கள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு, நுனி அகன்று வளைந்த மர மட்டைகளை எடுத்துக்கொண்டு போய், கொங்கிறீற் சுவரில் ஒரு சின்னத் தோல் பந்தை மாறி மாறி அடிப்பார்கள். பந்து திரும்பி வருகிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் கிட்டப்போகப் பயம் வரும். யசோதராவுக்கு வந்தது எரிச்சல். அந்தச் சத்தத்தில் அவளால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஒருநாள் பந்து வந்து அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டது. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தரையில் கொட்டுண்டன. மட்டையும் கையுமாக ஓடிவந்தவர் அவர்களுடைய ஃபோர்மன் ஃபின்டன், கழுத்துத் தடித்த ஐம்பது வயது மனிதர். அவர் வாய் திறக்கமுன் யசோதரா மட்டையைப் பறித்தாள். பந்தை மேலே எறிந்து அடித்தாள், படவில்லை. திரும்ப எறிந்தாள், படவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் தரம் பட்டது. பந்து சுவரைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ரயில் பாதைப் பக்கம் போய் விழுந்தது.

சிரிப்பு நின்றது. ஃபின்டன் பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி. ஆத்தங்கரை மைதானம். சப்பாத்து கொண்டு வா."

"என்ர சாப்பாடு?"

"அதுக்கும் வழி பண்ணுறன்."

அப்படித்தான் அவள் லிம்மாட் ஹர்லிங் கழகத்துக்குப் போனாள். அயர்லாந்தில் ஊருக்கு ஊர் ஆடுகிற விளையாட்டு அது. பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், கையால் பிடிக்கலாம், அந்தரத்தில் வைத்தே அடிக்கலாம். எதிரணியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலால் அனுப்பினால் ஒரு புள்ளி. கட்டைக்குக் கீழால் வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி. அங்கே ஒரு அணிக்குப் பதினைந்து பேர் ஆடுவார்கள். அயர்லாந்துக்கு வெளியே ஐரோப்பாவில் ஆள் பஞ்சம், பதினொரு பேர்தான். பெண்களுக்குத் தனி அணி சேராத இடங்களில், சின்னப் போட்டிகளுக்கு ஆணும் பெண்ணும் கலந்தே இறங்குவார்கள்.

யசோதராவைக் கோலுக்கு முன்னால் கடைசித் தடுப்பாக நிறுத்தினார் ஃபின்டன். அவளைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. தாண்டிப் போனவர்களும் நொண்டிக்கொண்டுதான் போனார்கள். இடையில் இரண்டு மாரிகாலம் அயர்லாந்தில் வேலை எடுத்துப் போய், டிப்பெரரிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெண்கள் அணியில் ஆடினாள். திரும்பி வந்தபோது முகத்தில், நாடியில் ஒரு தையல் இருந்தது.

தாய் செல்வராணி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"கோயிலுக்கு வாற சனம் கேட்டால் படியில விழுந்தனீ எண்டு சொல்லு, பிள்ளை."

"ஏன் அம்மா? அடிபட்டனான். நானும் அடிச்சனான். ரெண்டையும் சொல்லுறன்."

செல்வராணி முதன்முதல் சுவிசுக்கு வந்தபோது டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவள். தலையைக் குனிந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, விசா கையில் வரும்வரை ஒருவரோடும் முரண்படாமல் இருந்தவள். இப்போது ஷ்லீரனில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்குகிறாள். மகளின் வாய் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

முப்பத்தொரு வயதில் யசோதராவின் முழங்கால் சவ்வு அறுந்தது. தைத்து, ஒரு வருசம் பயிற்சி எடுத்து, திரும்ப இறங்கிய இரண்டாவது ஆட்டத்திலேயே அதே சவ்வு மறுபடியும் போனது. இனி ஓடி ஆடுகிற கதை இல்லை என்று வைத்தியர் சொன்னபோது, அவள் அழவில்லை. ஊன்றுகோலோடு நேரே மைதானத்துக்குப் போய், கோட்டுக்கு வெளியே நின்று, தடுப்பில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். அடுத்த கிழமையும் போய்க் கத்தினாள். ஃபின்டன் ஊருக்குத் திரும்பிப்போக முடிவெடுத்த நேரம், தனக்குப் பிறகு முகாமையாளராக அவளைத்தான் போடவேண்டும் என்று கழகச் செயற்குழுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பதவியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் கோர்மக். சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. அயர்லாந்தில் தன்னுடைய மாவட்டத்தின் இளையோர் அணிக்காக, ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் ஆடியவன். கழகத்தில் அவனைப் போல அடிக்க ஒருவரும் இல்லை. நடு மைதானத்திலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்புவான். செயற்குழு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் யசோதராவைத் தெரிவு செய்தது. முதல் நாள் உடுப்பு மாற்றுகிற அறையில், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கோர்மக் சொன்னான்:

"கார் பார்க்கில பழகின ஆளிட்ட நான் ஆட்டம் கேட்டுப் படிக்கிறதில்லை."

யசோதரா அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கார் பார்க்கில பழகினபடியாத்தான் பந்து சுவரில பட்டு எங்க வரும் எண்டு எனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பயிற்சி. பிந்தி வந்தால் வெளியில நிப்பாய்."

அவன் பிந்தி வந்தான். அவள் அவனை வெளியில் நிறுத்தினாள். மழைக்குள் பயிற்சி முடியும் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவன் பிந்தவில்லை, ஆனால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

ஒருவரையொருவர் பிடிக்காத இந்த இரண்டு பேராலும்தான் லிம்மாட் அணி நிமிர்ந்தது. அவள் தடுப்பைக் கட்டினாள், அவன் புள்ளிகளைக் குவித்தான். அவனை நல்லவன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கெட்டிக்காரன் என்று எல்லோரிடமும் சொன்னாள். இரண்டாவது வருசம், லோசானில் ஏரிக்கரையில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அவர்கள் அரையிறுதிக்கு வந்தார்கள். கழகத்தின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லை.

அரையிறுதி ஒரு பெல்ஜியம் அணியோடு. ஆட்டம் முடிய ஏழு நிமிசம் இருந்தபோது லிம்மாட் மூன்று புள்ளி முன்னுக்கு நின்றது. அப்போது நடு மைதானத்தில் மேலே வந்த பந்துக்குக் கோர்மக்கும் ஒரு பெல்ஜியக்காரனும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். மற்றவனுடைய தோள் கோர்மக்கின் தாடையில் இடித்தது. தலைக்கவசத்தோடு அவன் பின்பக்கமாக விழுந்து, தலை தரையில் அடிபட்டது. பந்து அந்தப் பக்கம் போய்விட்டபடியால் நடுவரும் அதன் பின்னாலேயே ஓடிவிட்டார். பார்த்தது கோட்டருகே நின்ற யசோதரா மட்டும்தான்.

கோர்மக் எழும்பினான். எழும்பி, தன்னுடைய அணியின் கோல் பக்கமாக நாலைந்து அடி நடந்தான். பிறகு நின்று, சுற்றிப் பார்த்து, திரும்பினான்.

"கோர்மக்!" யசோதரா கூப்பிட்டாள். "புள்ளி என்ன?"

அவன் சொன்ன புள்ளி காலையில் நடந்த ஆட்டத்தினுடையது.

அவள் மாற்று ஆட்டக்காரனைக் கூப்பிட்டு, சீட்டை எழுதிக் கோட்டு நடுவரிடம் கொடுத்தாள். ஆட்டம் நின்றது. கோர்மக்கை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினாள். அவன் வரவில்லை.

"எனக்கு ஒண்டும் இல்லை."

"இருக்கோ இல்லையோ, பிறகு பாப்பம். வெளியால வா."

"என்னை வெளியால எடுக்க உனக்கு எவ்வளவு நாளா ஆசை! இண்டைக்குத்தான் உனக்கு வாய்ச்சிருக்கு, என்ன?"

நடுவர் வந்து அவனைப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். அவன் இப்போது சரியாகப் பதில் சொன்னான்.

"ஆள் நல்லாத்தானே நிக்கிறான்," என்றார் நடுவர். "உங்கட அணிப் பிரச்சினையை நீங்களே தீருங்கோ. கெதியா."

கழகத் தலைவர் ஊர்ஸ் பக்கத்தில் ஓடிவந்தார். அமைதியான சுவிஸ்காரர், பள்ளி ஆசிரியர். யசோதராவைப் பதவிக்குக் கொண்டுவந்த அந்த ஒரு வாக்கு அவருடையதுதான்.

"யசோ, விடுங்கோ. ஏழு நிமிசம்தானே. முடிஞ்ச உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

யசோதரா கோர்மக்கைப் பார்த்தாள். அவன் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். ஊன்றிய கை இறுகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறானா, கோபத்தில் நிற்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவன் வெளியே வர மறுத்தால், ஆட்டத்தையே நிறுத்துவதுதான் மிச்சம். அவள் நடுவரிடம் போனாள்.

"லிம்மாட் இந்த ஆட்டத்தை விட்டுக்குடுக்குது."

"நீங்கள் வென்றுகொண்டு நிக்கிறியள்," என்றார் நடுவர்.

"தெரியும். விட்டுக்குடுக்கிறம். எழுதுங்கோ."

அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்ததை அவள் பிறகு யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. ஒருவன் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் காலால் உதைத்தான். இரண்டு பேர் புல்லில் குந்தி அழுதார்கள். கோல்காப்பாளன் ஜதுஷன், ஷ்லீரனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொடியன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், மட்டையை வலைக்குள் வீசிவிட்டு நேரே அவளிடம் வந்தான்.

"ஏன் அக்கா? சோதினைக்குப் படிக்காம ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு வந்தனான். ஏன் அக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அவனுக்குத் தலையில அடிபட்டிருக்கு."

"அவன் நிக்கிறான்தானே!"

"நிக்கிறவனெல்லாம் நல்லா இருக்கிறான் எண்டு ஆர் சொன்னது?"

ஜதுஷன் திரும்பி, வலைக்குள் கிடந்த மட்டையை எடுக்கப் போனான். கோர்மக்கை ஊர்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒன்றாக ஒரு வான் வண்டியில் ஏறினார்கள். யசோதராவுக்கு இடம் இருந்தது, யாரும் ஏறச் சொல்லவில்லை. அவள் தனியாக ரயிலில் வந்தாள். பேர்ன் தாண்டும்போது அணியின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. ஸ்கான் எடுத்தார்களாம். தலையில் ஒன்றும் இல்லையாம். கோர்மக் ஆஸ்பத்திரி வாசலில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்ற படமும் வந்தது. அதற்குக் கீழே வரிசையாக வந்தவற்றை அவள் வாசித்தாள். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு, "நல்லது. ஒரு கிழமைக்கு மட்டையைத் தொடாதே" என்று எழுதி அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை.

செயற்குழு ஒரு தீர்வு சொன்னது. அவள் கோர்மக்கிடமும் அணியிடமும் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் பதவியில் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே செல்வராணி இதைப் பற்றிக் கதைத்தாள். ஷ்லீரனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு சோரி சொன்னால் என்ன குறைஞ்சு போவாய்? நான் டாவோசில எத்தினை பேரிட்டச் சொல்லியிருக்கிறன். நான் உடைக்காத கோப்பைக்கெல்லாம் சொல்லியிருக்கிறன். அப்பிடிச் சொன்னபடியாத்தான் நீ இங்க இருந்து சாப்பிடுறாய்."

"ஓம் அம்மா. எனக்குத் தெரியும்."

"பிறகென்ன?"

"உங்களுக்கு வேற வழி இருக்கேல்லை. எனக்கு இருக்கு. இருக்கேக்க நானும் சொன்னால், நீங்கள் அவ்வளவு தரம் சொன்னதுக்கு என்ன பிரயோசனம்?"

செல்வராணி அகப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதுமா என்று முகம் காட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

கூட்டம் ஷ்லீரனில், ஒரு உணவகத்தின் பின் அறையில் நடந்தது. கழகத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கோர்மக் முன் வரிசையில் இருந்தான். ஊர்ஸ் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "யசோ, நீங்கள் ஏதும் சொல்ல விரும்பினால்…" என்று இழுத்தார். அது மன்னிப்புக்கான இடம் என்று எல்லோருக்கும் விளங்கியது.

யசோதரா எழும்பினாள்.

"நான் எலக்ட்ரிக் வேலை செய்யிற ஆள். வேலைத்தளத்தில ஒரு வயரில கரண்ட் இருக்கோ இல்லையோ எண்டு சந்தேகம் வந்தால், முதல் மெயினை நிப்பாட்டுவம். பிறகுதான் சோதிச்சுப் பாப்பம். சோதிச்சால் கரண்ட் இல்லை. சரி, சந்தோசம். அதுக்காக மெயினை நிப்பாட்டினவனை வேலையை விட்டு நிப்பாட்டுவினமோ?"

"இது வேலைத்தளம் இல்லை, விளையாட்டு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓம், விளையாட்டு. அதுதான் சொல்லுறன். வேலைக்கே ஒருத்தனைச் சாகக் குடுக்கமாட்டம் எண்டால் விளையாட்டுக்குக் குடுப்பமோ?"

கோர்மக் எழும்பினான். அவன் முகம் சிவந்திருந்தது.

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. டொக்டர் சொன்னவர். நீ என்னைக் காப்பாத்தேல்லை. எங்கட இறுதியாட்டத்தைப் பறிச்சனீ, அவ்வளவுதான். அதையாவது ஒத்துக்கொள்."

"ஒத்துக்கொள்ளுறன். இறுதியாட்டத்தைப் பறிச்சது நான்தான். உங்கள் எல்லாருக்கும் அது எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியும், எனக்கும் அது அவ்வளவு பெரிசு. உனக்கு ஒண்டும் இல்லை எண்டதில எனக்குச் சந்தோசம். ஆனா மன்னிப்புக் கேக்கமாட்டன். நாளைக்கு அதே மாதிரி நீ விழுந்தால், நாளைக்கும் அதைத்தான் செய்வன். இறுதியாட்டமா இருந்தாலும் செய்வன்."

அவள் இருந்தாள். வாக்கெடுப்பு நடந்தது. அவளை நீக்கவேண்டும் என்று கைகள் உயர்ந்தன. யார் யார் என்று அவள் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் ஜதுஷனின் கை கண்ணில் பட்டது. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கியிருந்தான். ஊர்ஸ் கையை உயர்த்தவில்லை. எதிர்த்தும் உயர்த்தவில்லை.

மைதானத்துக் கொட்டில் பூட்டின் திறப்பை அவள் மேசையில் வைத்தாள்.

"என்னை நிப்பாட்டலாம். என்ர ஆட்டத்தை நிப்பாட்டேலாது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கும் அதற்கடுத்த கிழமையும் அவள் ஒருவருடைய தொலைபேசியையும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் ஆற்றங்கரைப் பக்கம் போகாத வேறு வழியால் நடந்தாள். மழைக்காலம் அப்படியே போனது.

பனி விழத் தொடங்கிய நேரம் ஒரு அழைப்பு வந்தது. பேசியவள் மேர்சி. லோசானில் ஆஸ்பத்திரித் தாதி. அங்கேயுள்ள ஹர்லிங் கழகத்தின் செயலாளர். போட்டிகளில் முதலுதவிப் பெட்டியோடு நிற்கிறவள். யசோதராவுக்கு முகம் நினைவிருந்தது, பேசியது இல்லை.

"எங்கட ஆக்களுக்கு ஒரு முகாமையாளர் வேணும். நீர் வருவீரோ?"

"என்னை ஏன் நிப்பாட்டினவை எண்டு கேள்விப்படேல்லையோ, அக்கா?"

"நான் அண்டைக்கு அங்கதானே நிண்டனான். மைதானத்தின்ர மற்றத் தொங்கலில ஒருத்தற்ர கைமுறிவு பாத்துக்கொண்டு நிண்டனான். வென்றுகொண்டு நிக்கிற ஆட்டத்தை ஒருத்தி விட்டிட்டுப் போறதைக் கண்டது அண்டைக்குத்தான்."

"ஸ்கானில ஒண்டும் இல்லை."

"அதுவும் தெரியும். நான் எமர்ஜென்சியில வேலை செய்யிறன். ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்சு வீட்டை போற ஆக்களைப் பாத்து, ஏன் வந்தனீங்கள் எண்டு நாங்கள் ஏசுறேல்லை. ஒண்டு சொல்லவேணும். எங்கட அணி கடைசி. போன வருசம் ஒரு ஆட்டமும் வெல்லேல்லை."

யசோதரா அன்றைக்கே ஓம் சொன்னாள்.

புதன்கிழமைகளில் வேலை முடிந்து, வேலை உடுப்போடேயே ரயில் ஏறி லோசான் போனாள். அந்த அணியில் மாணவர்கள், சமையற்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருந்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் நாலு பேர்தான். அவர்களும் ஊரில் இருந்தபோது மட்டையைத் தொடாதவர்கள். யசோதராவின் பிரெஞ்சு பத்துச் சொல்லைத் தாண்டாது. கையாலும் ஜெர்மனாலும் ஆங்கிலத்தாலும் சமாளித்தாள். அவர்களுடைய பெரிய குறை அவர்களுடைய மரியாதை என்று முதல் நாளே கண்டுபிடித்தாள். யாரையாவது இடித்தால் உடனே நின்று "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டார்கள். பந்து அதற்குள் போய்விடும்.

"இனிமேல் மைதானத்துக்குள்ள பார்தோன் சொன்னால் ஒரு சுத்து ஓடவேணும்," என்றாள். முதல் மாதம் எல்லோரும் நிறைய ஓடினார்கள். ரெமி என்ற கேக் செய்கிற பொடியன்தான் அதிகம் ஓடினவன். கோடை வந்தபோது அவனுடைய கால்களை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை.

அடுத்த ஐரோப்பியப் போட்டி ஷ்லீரனில் நடந்தது, லிம்மாட் கழகத்தின் ஆற்றங்கரை மைதானத்தில். குலுக்கலில் லோசானும் லிம்மாட்டும் ஒரே பிரிவில் விழுந்தன. காலையில் யசோதரா லோசான் அணியோடு உள்ளே வந்தபோது, வாசலில் நின்ற பழைய ஆட்கள் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொன்னாள். பதில் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

செல்வராணி வந்திருந்தாள். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் இவ்வளவு வருசத்தில் அவள் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஊர்ஸ் அவளைக் கண்டு, தங்கள் பக்கம் நிழலில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். செல்வராணி நன்றி சொன்னாள். பிறகு அந்தக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து, லோசான் அணி நின்ற பக்கம் வெயிலில் கொண்டுவந்து வைத்து இருந்தாள்.

இப்போது லிம்மாட்டின் முகாமையாளரும் கோர்மக்தான். ஆடுகிறவனும் அவன்தான். யசோதரா அவனுடைய ஆட்டத்தை இரண்டு வருசம் கோட்டருகே நின்று பார்த்தவள். அடிக்கமுன் இடப்பக்கம் ஒரு அடி எடுத்து வைக்காமல் அவனால் தூர அடி அடிக்க முடியாது. அந்த ஒரு அடிக்கு இடம் கொடுக்காமல் இரண்டு பேரை அவனோடு ஒட்டிவிட்டாள். முதல் பாதியில் கோர்மக்கால் இரண்டு புள்ளிதான் எடுக்க முடிந்தது. இரண்டாம் பாதியில் அவன் புத்திசாலித்தனமாகப் பின்னுக்குப் போய், மற்றவர்களுக்குப் பந்து கொடுக்கத் தொடங்கினான். லிம்மாட் ஏறி வந்தது. லோசான் தடுமாறியது.

"பின்னுக்குப் போகாதேங்கோ!" யசோதரா தமிழில் கத்தினாள். அவளுடைய ஆட்டக்காரர் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒருவரும் பின்னுக்குப் போகவில்லை. ரெமி இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், ஜதுஷனின் காலுக்குள்ளால் பந்தை வலைக்குள் அனுப்பினான். லிம்மாட் திரும்பச் சமன் செய்தது. கடைசியில், லிம்மாட் தடுப்புக்காரன் ஒருவன் பிடித்து இழுத்ததற்கு லோசானுக்கு ஒரு தண்ட அடி கிடைத்தது. அயர்லாந்தில் மட்டையே தொடாத ஓர் அயர்லாந்துக்காரன் அதை அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு, கட்டைக்கு மேலால் உள்பக்கமாக விழுந்தது. ஒரு புள்ளி. நடுவர் விசிலை ஊதினார்.

லோசான் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்தார்கள். யசோதரா அவர்களோடு போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, மைதானத்தை முழுசாக ஒருதரம் பார்த்தாள்.

கோர்மக் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அண்டைக்கு எனக்கு ஒண்டும் இருக்கேல்லை," என்றான்.

"தெரியும்."

"பிறகும் நீ செய்தது சரி எண்டுதான் நினைக்கிறாய்."

"ஓம்."

"நான் அந்த ஆட்டத்தை முடிச்சிருப்பன்."

"முடிச்சிருப்பாய். நான் விட்டிருக்கமாட்டன்."

கை நீட்டுவான் என்று நினைத்தாள், நீட்டவில்லை. "நல்லா ஆடினவை, யசோதரா," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வாயிலிருந்து அவளுடைய பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

ஜதுஷன் தூரத்தில் நின்று அவள் தனியாகும்வரை பார்த்துவிட்டுக் கிட்ட வந்தான்.

"அக்கா, அண்டைக்குக் கூட்டத்தில நான் கையைத் தூக்கினது…"

"உன்ர கை, உன்ர வாக்கு. அதுக்கு எனக்கு விளக்கம் தேவையில்லை," என்றாள். "ரெமி அடிச்ச கோலை நீ பிடிச்சிருக்கவேணும். காலை அகட்டிக்கொண்டு நிண்டனீ. இன்னும் அப்பிடித்தான் நிக்கிறாய்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் அவனுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த வெற்றி கொண்டுவந்த அரையிறுதியில், பின்னேரம், லோசான் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. எதிரில் ஆடியவர்கள் எல்லா வகையிலும் திறமானவர்கள். யசோதரா கடைசி வரைக்கும் கத்தினாள், கடைசி வரைக்கும் அவளுடைய ஆட்கள் ஓடினார்கள்.

மட்டைகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது ஊர்ஸ் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"கோர்மக் அடுத்த வருசம் ஊருக்குப் போறான். நீங்கள் திரும்பி வாறதெண்டால்… மன்னிப்பு, கின்னிப்பு ஒண்டும் வேண்டாம். நாங்கள் அதை மறந்திட்டம்."

யசோதரா பையின் கயிற்றை இழுத்து இறுக்கினாள்.

"நான் மறக்கேல்லை, ஊர்ஸ். அண்டைக்கு நீங்கள் கையை உயர்த்தவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. முதல் அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கோ. ஆர் ஆரிட்ட மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு முடிவெடுங்கோ. பிறகு வந்து கேளுங்கோ. அப்பவும் நான் வாறன் எண்டு இப்ப சொல்லமாட்டன்."

ஊர்ஸ் தலையசைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அணி பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தது. மேர்சி கதவருகே நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். செல்வராணி கதிரையை மடித்து வைத்துவிட்டு மகளிடம் வந்தாள்.

"அந்த மனிசன் என்ன கேட்டவர்?"

"திரும்பி வரட்டாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"வாறன் எண்டு இப்ப சொல்லமாட்டன் எண்டு சொன்னன்."

"ம்," என்றாள் செல்வராணி. பையின் ஒரு பக்கப் பிடியைத் தான் பிடித்துக்கொண்டாள். "தூக்கு. உன்ர ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்."